கெட்டி உருண்டை, காலி உருண்டை

என் மனைவி நுரையீரல் வளர்க்கிறாள். அவளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் முறைத்துவிட்டு, முழு நுரையீரல் இல்லை, நுரையீரல் திசு என்று திருத்துவாள்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எனக்குப் புரிந்த வரையில் அவள் வேலை இதுதான். நுரையீரலில் கட்டி வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு ஆய்வகத்துக்கு வரும். அதைப் பொடிப்பொடியாக்கி, ஜெல்லி மாதிரியான பசையில் கலந்து ஒரு தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்து, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டியில் வளர்ப்பார்கள். நாளாக ஆக அந்தச் சொட்டுக்குள் கடுகை விடச் சின்னதாக உருண்டைகள் கிளம்பும். அந்த உருண்டைகள் மேல் மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்ப்பார்கள். எந்த மருந்துக்கு உருண்டை சாகிறதோ, அதை டாக்டருக்குச் சொல்வார்கள். நோயாளியின் உடம்பில் சோதித்துப் பார்க்காமல், அவருடைய துணுக்கில் சோதித்துப் பார்ப்பது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறுத்தெடுத்த துணுக்கில் கட்டி மட்டும் இருக்காது. பக்கத்திலிருந்த நல்ல திசுவும் ஒட்டிக்கொண்டு வரும். ஜெல்லிக்குள் விட்டால் நல்லதுதான் முந்திக்கொண்டு வளரும். நல்ல திசு பலூன் மாதிரி, உள்ளே காலியாக, மெல்லிய சுவரோடு வளரும். கட்டித் திசு உள்ளே அடைந்து கெட்டியாக இருக்கும். வீட்டில் நாங்கள் காலி உருண்டை, கெட்டி உருண்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்தைக் கெட்டியின் மேல்தான் சோதிக்க வேண்டும். தெரியாமல் காலியின் மேல் சோதித்துவிட்டால் வருகிற விடைக்கும் நோயாளிக்கும் சம்பந்தமே இருக்காது.

ஆகவே ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படங்களை யாராவது உட்கார்ந்து பார்த்து, இது காலி, இது கெட்டி, இது செத்தது என்று பிரிக்க வேண்டும். என் மனைவி அதில் கை தேர்ந்தவள். பல வருடங்களாகப் படமெடுத்ததும் பிரித்ததும் அவள்தான். அவள் பிரித்துவிட்டால் துறைத் தலைவர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸைக் கோணலாகப் பதித்திருக்கிறார்கள், இத்தனை நாள் நீங்கள் கவனிக்கவே இல்லை என்று குறை சொன்னாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. பேச்சு வளர்ந்தது. நான் என் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்துக் காட்டினேன். குமிழி நட்டநடுவில் நின்றது. அவள் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்தாள்.

"டைல்ஸ் சரியாத்தாங்க இருக்கு. எனக்குத்தான் கோணலாத் தெரியுது," என்றாள்.

வலது கண்ணின் விழித்திரை நடுவில் நுண்ணிய ரத்தக் குழாய் ஒன்று கசிகிறது என்று கண் டாக்டர் சொன்னார். மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். பார்வை போய்விடாது, ஆனால் பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது. நாள் முழுக்கத் திரையை உற்றுப் பார்க்கும் வேலையைச் சிகிச்சை முடியும் வரை விட்டுவிடுங்கள் என்றார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ படத்தையெல்லாம் யாரு பார்ப்பா?" என்பதுதான். அவளுக்குத் தன் கண்ணை விட அந்த உருண்டைகள்தான் கவலை.

அப்போது என் தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். அவளை வீட்டில் எக்ஸ்பிரஸ் என்போம். சொல்ல வந்ததை எங்கேயும் நிற்காமல் சொல்லி முடிப்பாள். இடையில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கம்ப்யூட்டர் வேலை. அவள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும் வரை என்று எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போயிருந்தது. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள்.

அவளுக்கும் என் மனைவிக்கும் ஒத்துவராது. சண்டை என்று ஒன்றும் கிடையாது. எங்கள் நிச்சயதார்த்தத்தன்று என் தங்கை ஒரு சித்தியிடம், "அண்ணி பாக்டீரியா வளர்க்கிறாங்களாம், கையைக் கழுவிட்டுத்தான் பரிமாறச் சொல்லணும்" என்று விளையாட்டாகச் சொன்னது என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தன்னைவிடச் சின்னவளான நாத்தனாரை 'நீங்க', 'வாங்க' என்றுதான் அழைப்பாள். அந்த மரியாதைக்கு முன்னால் திட்டே தேவலாம் என்று என் தங்கை என்னிடம் புலம்புவாள்.

கண் விஷயம் தெரிந்த அன்று சாப்பாட்டு மேஜையில் என் மனைவி ஆய்வகத்தின் நிலைமையைச் சொன்னாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி, ஆனால் இதில் கண் பழக நாளாகும். அதற்குள் படங்கள் மலையாகக் குவிந்துவிடும். என் தங்கை தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை வருடமாக அண்ணி பிரித்த படங்களெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் என் மனைவி. ஒவ்வொரு படத்துக்கும் இது காலி, இது கெட்டி என்று குறிப்பு இருக்கிறதா? அதுவும் இருக்கிறது.

"அப்படின்னா அதை எனக்குக் குடுங்க அண்ணி. நான் ஒரு மெஷினுக்குப் பழக்கித் தரேன்."

என் மனைவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. துறைத் தலைவரிடம் பேசினாள். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசுகிற மனிதர் அவர். நோயாளிகளின் பெயர் எங்கேயும் வரக் கூடாது, எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, என் தங்கையைத் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் என் தங்கை எங்கள் எல்லோருக்கும் முன்னால் குளித்துத் தலைவாரி வாசலில் நின்றாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வண்டியில் வேலைக்குப் போனார்கள், ஆளுக்கொரு பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அந்த மெஷின் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஒருநாள் என் தங்கையைக் கேட்டேன். கெட்டி இப்படி இருக்கும், காலி அப்படி இருக்கும் என்று அதற்கு விதி எதுவும் சொல்லித் தருவதில்லையாம். படத்தைக் காட்டுவாள், அது ஒரு விடை சொல்லும், அண்ணி சொன்ன விடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே இருக்கிற லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் திருகிக்கொள்ளும். திரும்பத் திரும்பக் காட்டக் காட்டத் தவறு குறைந்துகொண்டே வரும். லிஃப்ட் கதவு உரசாமல் மூடும் வரை நான் திருகாணிகளைச் சரிசெய்வது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒதுக்கி வைத்திருந்த பழைய படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, மெஷின் சொன்னதும் என் மனைவி சொன்னதும் ஏறக்குறைய அப்படியே பொருந்தின. என் தங்கை பழையபடி எக்ஸ்பிரஸ் வேகத்தில் பேச ஆரம்பித்தாள். அடுத்த வாரம் அந்தப் புதிய பெண் எடுத்த படங்களைக் கொடுத்தார்கள். மெஷின் உளறிக் கொட்டியது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற காலி உருண்டையைக் கெட்டி என்றது. கெட்டியைக் காலி என்றது. என் தங்கை வீட்டுக்கு வந்து மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் என் மனைவிக்கு இரண்டாவது ஊசி போட்டிருந்தது. கண்ணில் கட்டோடு ஹாலில் சோபாவில் படுத்திருந்தாள். வெளிச்சம் பட்டால் வலித்ததால் மற்றக் கண்ணையும் மூடியிருந்தாள். சாயங்காலம் என் தங்கை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். தோற்றுப்போனவள் மாதிரி இருந்தது அவள் முகம். "இதெல்லாம் பிரயோஜனப்படாது போலிருக்கு அண்ணி," என்று ஆரம்பித்தாள்.

என் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாக வாயால் சொல்லச் சொன்னாள். என் தங்கை சொல்ல ஆரம்பித்தாள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். இது உருண்டை, உள்ளே காலி, மெஷின் கெட்டி என்கிறது. அடுத்ததும் அப்படித்தான். கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று.

"விளிம்பு எப்படி இருக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

"கலங்கலா இருக்கு. தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி."

"சரி. இப்போ ஒரு கெட்டி எடு. அதோட விளிம்பு?"

"இது நல்லாத் தெளிவா இருக்கு. ஆனா இதைப் போய் காலின்னு சொல்லுது."

என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தப்பு உன் மெஷின்ல இல்லடி, என் கையில," என்றாள். "ஜெல்லிக்குள்ள ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரத்துல நிக்கும். காலியோட சுவர் மெல்லிசா இருக்குமே, அதைப் பார்க்கணும்னு நான் எப்பவும் அதுக்குத்தான் ஃபோகஸ் வைப்பேன். பக்கத்துல இருக்கிற கெட்டி கலங்கலா விழுந்தாலும் விட்டுடுவேன், அதான் பார்த்தாலே தெரியுதேன்னு. அது திசுவைப் பார்க்கவே இல்லை. தெளிவா இருந்தா காலி, கலங்கலா இருந்தா கெட்டின்னு என் பழக்கத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கு. புதுப் பொண்ணு வேற மாதிரி ஃபோகஸ் வைக்கிறா. அதான் முழிக்குது."

என் தங்கை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். என் மனைவி கண் வலித்தாலும் கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'எடு' என்றதையும் 'டி' போட்டதையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. என் தங்கை கவனித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மடித்த துணியையே திரும்பவும் மடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரே சொட்டை மேலிருந்து கீழ் வரை பல உயரங்களில் படமெடுத்தார்கள். எல்லா உருண்டையும் ஒரு படத்தில் தெளிவாகவும் இன்னொன்றில் கலங்கலாகவும் வந்தது. குறிப்புகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, சிறிது நேரம் பார்த்துச் சிறிது நேரம் ஓய்வெடுத்து, என் மனைவி எழுதினாள். அவள் ஓய்வெடுக்கும்போது புதிய பெண்ணும் என் தங்கையும் உட்கார்ந்து பழகினார்கள். மெஷின் மறுபடி முதலிலிருந்து படித்தது. எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்று படத்தின் மேலேயே சிவப்பாகக் காட்டுகிற வழியையும் என் தங்கை செய்தாள். இப்போது சிவப்பு உருண்டையின் உள்ளே விழுந்தது. என் மனைவி அதைப் பார்த்து, "பரவாயில்லை, இப்பதான் பாக்க வேண்டியதைப் பாக்குது," என்றாளாம்.

அந்தச் சமயத்தில் நடந்ததுதான் முக்கியமானது.

ஒரு நோயாளியின் துணுக்கில் மருந்துச் சோதனை முடிந்திருந்தது. எந்த மருந்துக்கும் உருண்டைகள் அசையவில்லை. எதுவும் பலனளிக்கவில்லை என்று அறிக்கை தயாராகிவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சோதனைக்கு முன்னால் அந்த உருண்டைகள் கெட்டி என்று பார்த்துச் சொன்னவள் புதிய பெண். என் மனைவியும் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டியிருந்தாள். எல்லாம் மிகச் சின்ன உருண்டைகள். பார்த்தால் கெட்டி மாதிரிதான் இருந்தன.

என் தங்கை சும்மா சரிபார்ப்பதற்காக அந்தப் படங்களையும் மெஷினுக்குக் கொடுத்தாள். பெரும்பாலானவை காலி என்றது. மெஷின் மறுபடி கெட்டுவிட்டது என்று முதலில் பயந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அதே விடை. சிவப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தாள். உருண்டைகளின் நடுவில், ஊசிமுனை அளவுக்கு வெளிறிய ஒரு புள்ளியில் விழுந்தது. அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனாள்.

என் மனைவி நல்ல கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். சிலவற்றில் மெஷின் சொன்னது தவறு என்றாள். மற்றவற்றில் அது சொன்னதுதான் சரி. இப்போதுதான் உள்ளே திறக்க ஆரம்பித்திருக்கிற காலி உருண்டைகள் அவை. நோயாளியின் நல்ல திசு முந்திக்கொண்டுவிட்டது. சோதித்ததெல்லாம் கட்டியின் கோளாறை மட்டும் குறிவைக்கிற மருந்துகள், நல்ல திசுவை அவை கொல்வதில்லை. அதனால்தான் எதுவும் அசையவில்லை.

துறைத் தலைவர் தயங்கினார். டாக்டர் தினமும் போன் செய்கிறார், மறுபடி வளர்ப்பதென்றால் வாரக்கணக்காகும், அந்த நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறதா என்று கேட்டார். என் மனைவி பொதுவாக அவர் முன்னால் குரலை உயர்த்த மாட்டாள். அன்றும் உயர்த்தவில்லை.

"அவகாசம் குறைவுதான் சார். ஆனா இந்த ரிப்போர்ட் போனா, இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாம இன்னும் அவங்க கட்டியைச் சோதிக்கவே இல்லை."

அவர் அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டார். இதை என் தங்கை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள். அந்த உருண்டைகளை மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். கட்டியில் இருந்த கோளாறு அந்தத் தட்டில் அநேகமாக இல்லவே இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

மருந்து ஊற்றாமல் எடுத்து வைத்திருந்த தட்டில் கெட்டி உருண்டைகள் கொஞ்சம்தான் இருந்தன. மெஷின் அவற்றைத் திரையில் வட்டமிட்டுக் காட்டும். என் மனைவி அது சரிதானா என்று சொல்வாள். புதிய பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய கண்ணாடிக் குழாயால் அதை மட்டும் உறிஞ்சி வேறு தட்டுக்கு மாற்றுவாள். தன் கண்ணில் பட்டிருக்க வேண்டியது படவில்லையே என்று அழுத அந்தப் பெண்ணை, எனக்கும்தான் படவில்லை என்று என் மனைவி தேற்றியிருக்கிறாள். மாற்றியதில் பாதிக்கு மேல் செத்தது. மீதி பிழைத்தது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. கதவைத் திறந்ததும் நான், "உயிரோட இருக்கா?" என்பேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே குரலில், "இருக்கு" என்பார்கள்.

கடைசியில் ஒரு மருந்துக்கு அந்தக் கெட்டி உருண்டைகள் உடைந்து உதிர்ந்தன. தட்டில் வேலை செய்வது உடம்பிலும் செய்யும் என்று சொல்ல முடியாது என்பதை டாக்டருக்குத் தெளிவாக எழுதி அனுப்பினார்கள். டாக்டர் அந்த மருந்தையே கொடுத்தார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. என் மனைவி கேட்கவும் இல்லை. கேட்கப் பயந்தாள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ஊசிக்கு அழைத்துப்போக நான் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். வாட்டசாட்டமான உடம்பு, சிகிச்சையில் கொஞ்சம் இளைத்திருந்தது. குரல் மட்டும் இளைக்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவராம். மறுபடி பஸ் ஓட்ட டாக்டர் அனுமதித்ததும் முதல் வேலையாக, என் துணுக்கை வளர்த்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, டாக்டர் மூலமாக வந்திருந்தார். அதுவரை ஆய்வகத்துக்கு அவர் ஒரு எண்ணாகவே இருந்தார்.

கெட்டி உருண்டைகளின் படத்தைத் திரையில் காட்டினார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுவா? இத்தினியூண்டு இருந்துக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுச்சு!" என்றார். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பிறகு என் மனைவி காலி உருண்டை ஒன்றைக் காட்டினாள். இது படமில்லை, மைக்ரோஸ்கோப்பின் கீழே உயிரோடு இருப்பது. உருண்டைக்குள் தூசு மாதிரி ஏதோ சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் அசைவதால் அப்படிச் சுற்றுகிறது என்று என் மனைவி விளக்கினாள். இது உங்கள் நோய் இல்லை, உங்கள் நல்ல நுரையீரல், பெட்டிக்குள் வைத்தாலும் அதன் வேலையை அது பார்க்கிறது என்றாள். அந்தப் பெண்மணி இன்னும் கிட்டே நகர்ந்தார். நெஞ்சில் கை வைத்தபடி அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் தூங்கும்போதும் இது இப்படித்தான் ஓடிட்டு இருக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் என் மனைவி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

என் மனைவி கையை விடுவித்துக்கொண்டு, பின்னால் நின்ற என் தங்கையின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "அந்த ரிப்போர்ட்டை நிறுத்தினது இவ. என் நாத்தனார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக எக்ஸ்பிரஸ்ஸுக்குப் பேச்சு வரவில்லை. தடுமாறி, தான் ஒன்றும் செய்யவில்லை, அண்ணி இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்து எழுதியதைத்தான் மெஷின் படித்தது என்றாள். அந்தப் பெண்மணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு செஞ்சீங்கன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. என் வீட்டுல எல்லாரும் உங்க எல்லாரையும் சேர்த்தே கும்பிடறாங்க," என்றார்.

ஆய்வகத்தில் என் தங்கையை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். என் மனைவியின் கண் அதற்கு மேல் மோசமாகவில்லை. நேர்க்கோடுகள் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் தெரிகின்றன. சந்தேகமான படங்களை மட்டும் அவள் பார்க்கிறாள், மற்றதை மெஷின் பார்த்துக்கொள்கிறது. புதிய பெண்ணிலிருந்து துறைத் தலைவர் வரை ஆய்வகத்தில் எல்லோரும் இப்போது அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். தலைவரை விட நான் வயதில் சின்னவள் என்று அவள் சொல்லிப் பார்த்தும் பயனில்லை.

போன மாதம் என் தங்கை எங்களுக்கு அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் வீடு பார்த்துக்கொண்டு போனாள். பாத்திரங்களையெல்லாம் என் மனைவியே துணியில் சுற்றிச் சுற்றி அடுக்கினாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மெத்தையை நான் ஒரு முனையும் என் தங்கை ஒரு முனையுமாகப் பிடித்துப் படியேற்றினோம். எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் வேற்றாள் மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிடுவோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, முகம் மெத்தைக்குப் பின்னால் மறைந்திருந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"உங்க அண்ணி இப்போ நிம்மதியா தூங்குறா. நீ வந்ததாலதான். ரொம்ப நன்றிடா."

மெத்தைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அண்ணா, பேசாம உன் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கு. சுவத்துல இடிக்குது," என்றாள்.